ஆய்விதழ் யாருக்குத் திறக்கிறது? புதுச்சேரி – கடலூர் வட்டாரத்தில் மருத்துவத் தகவல் போய்ச் சேரும் வழி

மழை பிடித்துக்கொண்டால் கடலூர், புதுச்சேரி வட்டார அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவு காய்ச்சல்காரர்களால் நிரம்பிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைஃபாய்டு ஆகியவற்றோடு அந்தக் கூட்டத்தில் மறைந்து நிற்கும் இன்னொரு நோய் ஸ்க்ரப் டைஃபஸ். புதர் மண்டிய வரப்பிலும் தோப்பிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடிக்கும்போது ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு தெரியலாம், தெரியாமலும் போகலாம். சந்தேகம் வந்து சீக்கிரம் கொடுத்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தே குணமாக்கிவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று தாக்கி உயிரையும் பறிக்கும்.

நோய் முற்றிய நிலையில் வருபவருக்கு எந்த மருந்து நல்லது என்பது நெடுநாள் கேள்வி. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நடந்த ஆய்வு 2023இல் அதற்கு விடை சொன்னது. டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏழு நாள் கொடுத்தபோது, 33 சதவீத நோயாளிகளுக்கே காய்ச்சலோ சிக்கலோ நீடிப்பது, இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் அது 47 சதவீதம். அஸித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. இறப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோயாளி எத்தனை நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் திணறுவார் என்பதை இந்த எண்கள் தீர்மானிக்கின்றன.

நம் வயற்காட்டு நோய், நம் நாட்டு நோயாளிகள், நம் மருத்துவர்கள். முடிவு வெளியானதோ அமெரிக்காவிலிருந்து வரும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில். அது கோரிமேட்டு ஜிப்மரின் மருத்துவப் பேராசிரியருக்கு அந்த வாரமே தெரிந்திருக்கும். திட்டக்குடியிலோ காட்டுமன்னார்கோயிலிலோ வேலை பார்க்கும் அரசு மருத்துவருக்கு எப்போது, யார் வழியாகத் தெரியும்? நம் நாட்டில் ஒருவர் எதைப் படிக்கலாம் என்பதை அவர் யாருக்குச் சிகிச்சை தருகிறார் என்பது தீர்மானிப்பதில்லை. எந்த வளாகத்தின் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இந்தக் கோளாறு சரியாகாமல் எத்தனை கோடி செலவிட்டாலும் பலன் பாதிதான்.

ஆய்விதழ்களின் பணக்கணக்கு விசித்திரமானது. ஆய்வுக்குப் பெரும்பாலும் அரசோ அறக்கட்டளையோ பணம் தருகிறது. எழுதும் ஆய்வாளருக்கு இதழ் எதுவும் தருவதில்லை. கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஊதியமின்றித்தான் உழைக்கிறார்கள். அச்சாகி இணையத்தில் ஏறியதும் அதே பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டி வாங்க வேண்டும். தனி ஆள் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க நினைத்தால் 30, 40 டாலர் என்று பல இதழ்கள் கேட்கும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இரவுப் பணி முடிந்து ஒரு கேள்வியோடு தேடி, நான்கு கட்டுரைகளைத் திறக்க வேண்டியிருந்தால் ரூபாய்க் கணக்கில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். யாரும் கட்ட மாட்டார்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்; அங்கேதான் தவறு நுழைகிறது. சுருக்கத்தில் மருந்தின் அளவும், யாரை ஆய்வில் சேர்க்கவில்லை என்ற விவரமும் பெரும்பாலும் முழுதாக இருக்காது.

பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும் திறக்கும் கதவு புதுச்சேரிக்குப் பழையது. ஜிப்மர் தன் வேரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் காண்கிறது. நான்கு ஆண்டு கழித்து, 1827இல், ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் பொது நூலகம் ஒன்றைத் தொடங்கினார். இன்று ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ரொமேன் ரொலான் நூலகம் அதுதான். தொடக்கத்தில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. எல்லோருக்கும் திறந்தது பிறகுதான். 1964இல் ஜிப்மர் இன்றைய பெயரைப் பெற்றது. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. 1985இல் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் நூலகத்துக்கு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். இந்தப் பக்கம் சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. ஜிப்மருக்கு அருகிலேயே 1975 முதல் இயங்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை அறிவுக் களஞ்சியங்கள் அடங்கிய வட்டாரம் தமிழ் நிலத்தில் அதிகம் இல்லை. அவற்றுக்கு நடுவே இருக்கும் கிராமத்து மருத்துவமனைகளோடு இவற்றை இணைக்கும் இழை எங்கும் இல்லை.

அண்மையில் வந்த பெரிய மாற்றம் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறை. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்தன. பயன்பெறக்கூடியவர்கள் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என்று அரசு கணக்குச் சொன்னது. காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

இதை நான் மனதார வரவேற்கிறேன். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகவோ சிறு கூட்டமைப்புகளாகவோ பேரம் பேசியது. டெல்லியிலும் சென்னையிலும் உள்ள பெரிய நிறுவனம் படித்ததை விருத்தாசலத்து அரசுக் கல்லூரி மாணவர் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது விதிப்படி இருவரும் ஒரே தட்டில். ஆண்டுக்கு 2,000 கோடியை 1.8 கோடி பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய். ஒரு பாடநூலின் விலைதான்.

ஆனால் வரிசையின் கடைசியில் நிற்பவர்களைப் பாருங்கள். முதலில் தனியார் கல்லூரிகள். புதுச்சேரியில் ஜிப்மரையும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியையும் விட்டால் மற்ற மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் தனியாருடையவை. பிள்ளையார்குப்பம், காலாப்பட்டு, மதகடிப்பட்டு என்று சுற்றிலும் இருக்கும் அவை தினமும் ஏழை நோயாளிகளையும் பார்க்கின்றன. அங்கே படிக்கும் மாணவர் திட்டத்தின் முதல் கட்டத்தில் இல்லை. கட்டணம் வாங்கும் நிறுவனம் தன் நூலகத்துக்குச் செலவு செய்யட்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் தரமான தகவல் கிடைக்காததன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் அந்த மாணவர் நாளை பார்க்கப்போகும் நோயாளிதான்.

இரண்டாவது கூட்டம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. திட்டம் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கானது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் இவை எதுவும் கல்லூரி இல்லை. ஜிப்மரில் படிக்கும்வரை உலகத்தின் இதழ்களை விரல் நுனியில் வைத்திருந்த இளம் மருத்துவர், படிப்பு முடிந்து கிராமத்து வேலையில் சேரும்போது அவரது கடவுச்சொல் செயலிழக்கிறது. தேர்வுக்குப் படித்தபோது எல்லாம் திறந்திருந்தது; தனியாக நின்று முடிவெடுக்கும்போது எல்லாம் மூடிவிடுகிறது. செவிலியர், ஆய்வக நுட்புனர், மருந்தாளுநர் ஆகியோர் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஊசி மருந்தை எந்தக் கரைசலில் கலக்க வேண்டும் என்று தினமும் முடிவெடுப்பவர் செவிலியர்.

மூன்றாவது, இந்தத் திட்டம் இதழ்களுக்கு மட்டுமானது. ஒரு வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் நிற்கும்போது எந்த மருத்துவரும் பன்னிரண்டு பக்க ஆய்வுக்கட்டுரையைப் படிக்க முடியாது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளை வல்லுநர்கள் படித்து, எடைபோட்டு, 'இந்த நோயாளிக்கு இதைச் செய்' என்று சுருக்கித் தரும் அப்டுடேட் போன்ற கருவிகளே படுக்கையருகே பயன்படுகின்றன. அவற்றுக்குத் தனிச் சந்தா. அதுவும் கணிசமான தொகை. ஆராய்ச்சி செய்பவரின் தேவையும் சிகிச்சை செய்பவரின் தேவையும் வேறு வேறு. திட்டம் முன்னவரை மனதில் வைத்துத் தீட்டப்பட்டது.

வெளியுலக உதவியும் இந்தியாவுக்கு வாய்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு பேசி 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தருகிறது. பதிப்பகங்களுக்குப் பெரிய சந்தை என்பதால் இந்திய நிறுவனங்களுக்கு அதில் இடம் தரப்படவில்லை. இந்த இடைவெளியில்தான், பூட்டிய ஆய்வுக்கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் வளர்ந்தது. 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் தொடங்கிய அந்தத் தளத்துக்கு எதிராக எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உத்தரவைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இத்தனை மருத்துவ மாணவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்ல முடியாது. அரசுதான் சொல்ல வேண்டும்.

அரசு அப்படி விடை சொன்ன காலமும் ஒன்று உண்டு. 2007இல் ஐசிஎம்ஆர் பணம் கட்டி, இந்தியாவில் இணைய இணைப்புள்ள எவரும் கோக்ரேன் நூலகத்தை முழுதாகப் படிக்க வழிசெய்தது. கோக்ரேன் என்பது ஒரு கேள்வி பற்றி நடந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி முறையாக மதிப்பிடும் தொகுப்பு. அடையாள அட்டை வேண்டாம், வளாகம் வேண்டாம். நெல்லிக்குப்பத்தில் கிளினிக் வைத்திருப்பவரும் டெல்லி எய்ம்ஸ் பேராசிரியரும் ஒரே பக்கத்தைத் திறக்க முடிந்தது. அளவில் சிறியதானாலும் அந்த ஏற்பாட்டின் அடிப்படையே சரியானது என்பேன்.

இன்றைக்கும் இலவசமாகக் கிடைப்பவை கொஞ்சநஞ்சமல்ல, தெரியாமல் கிடக்கின்றன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். அதன் துணைத்தளமான பப்மெட் சென்ட்ரலில் லட்சக்கணக்கான கட்டுரைகள் முழுமையாக உள்ளன. ஐசிஎம்ஆர் நடத்தும், 1913இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. குழந்தை மருத்துவத்துக்கு 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' உண்டு. ஐசிஎம்ஆர் 2019 முதல் வெளியிட்டுவரும் தரப்படுத்தப்பட்ட சிகிச்சை வழிமுறைகள், ஒவ்வொரு நோய்க்கும் ஒற்றைப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதுவரை சொல்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தை மனதில் வைத்துச் செய்த நல்ல வேலை அது. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவினால், பூட்டிய கட்டுரையின் சட்டப்படியான இலவசப் படி வேறெங்காவது இருந்தால் காட்டிவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பலரும் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

இருந்தும் ஏன் பயன்படவில்லை? தேடத் தெரிவது தனித் திறமை. 'காய்ச்சல் மருந்து' என்று கூகுளில் தட்டுவதும், நோயாளி யார், எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று கேள்வியை நான்காகப் பிரித்துப் பப்மெட்டில் பொருள் தலைப்போடு தேடுவதும் ஒன்றாகாது. முன்னது ஆயிரக்கணக்கில் கொட்டும். பின்னது பத்து கட்டுரைகளுக்குள் நிறுத்தும். இதைக் கற்பிப்பவர் நூலகர். நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் அவர் நூல் வழங்குபவராகவும், கல்லூரியைச் சோதிக்கும் குழு வரும்போது புத்தக எண்ணிக்கையைக் காட்டுபவராகவும் சுருக்கப்பட்டுவிட்டார். 1971இல் அமெரிக்காவின் மிசூரி – கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஜெர்ட்ரூட் லாம் என்பவர், நூலகரை மருத்துவர்களோடு வார்டு சுற்றுக்கே அனுப்பும் முறையைத் தொடங்கினார். படுக்கையருகே எழும் கேள்வியை நூலகர் குறித்துக்கொண்டு, அன்றோ மறுநாளோ தேர்ந்தெடுத்த கட்டுரைகளோடு திரும்பி வருவார். கேட்க எளிமையானது. செலவு ஒரு சம்பளம்.

நூலக இயலின் தந்தை என்று நாடு கொண்டாடும் எஸ். ஆர். ரங்கநாதன் கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் 1892இல் பிறந்தவர். அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மருத்துவத்தில் வாசகரின் நேரம் என்பது நோயாளியின் நேரம். அதனால்தான் சந்தாவுக்குக் கோடிகளை ஒதுக்கிவிட்டு நூலகர் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பது வீண்செலவு என்று அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வழிகாட்டல் இல்லாத இடத்தை இப்போது இரண்டு நிரப்புகின்றன. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் போலி இதழ்கள். கூகுள் தேடலில் நல்ல இதழோடு தோள் உரசி நிற்கின்றன. மற்றொன்று செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள். சரளமாகப் பதில் சொல்லும். சிலசமயம் இல்லாத கட்டுரையை இருப்பதாக மேற்கோள் காட்டும். மூலத்தைத் திறந்து பார்க்க வழியுள்ளவர் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். வழியில்லாதவர் நம்புவதைத் தவிர என்ன செய்வார்?

நோயாளியின் பக்கத்துக்கு வருவோம். மருத்துவத் தகவலுக்கு அவருக்கும் உரிமை உண்டு, சட்டத்திலேயே உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள், உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு காக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. கோரிமேட்டுக்குப் பேருந்தேறி வரும் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? தெரிந்து வாங்கினாலும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சரி. இல்லையென்றால் மருந்துக்கடைத் தம்பிதான் விளக்குகிறார். எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்ற நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டு இணைப்பது ஒரு கணினி நிரலருக்கு ஒரு வார வேலைகூட இருக்காது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. மருந்து ஆய்வில் ஒருவரைச் சேர்க்கும்போது அவருக்குப் புரியும் மொழியில் விளக்கத்தாள் தந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. அதனால் நோயாளி உள்ளே வரும்போது தமிழ் இருக்கிறது. ஆய்வு முடிந்து விடை கிடைக்கும்போது தமிழ் காணாமல்போகிறது. தன் ரத்தத்தையும் நம்பிக்கையையும் கொடுத்த விவசாயத் தொழிலாளிக்கு 'உங்களால் இது தெரியவந்தது' என்று ஒரு பக்கம் போய்ச் சேருவதில்லை. அந்தப் பக்கத்தை எழுதுவது பல்கலைக்கழகங்களின் கடமை என்றே கருதுகிறேன். காலாப்பட்டிலும் சிதம்பரத்திலும் தமிழ்த்துறைகள் இருக்கின்றன, அருகிலேயே மருத்துவத்துறைகளும் இருக்கின்றன.

மின்பதிவில் புதுச்சேரி முன்னோடி. தேசிய மின்சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15இல் ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது புதுச்சேரியும் அதில் ஒன்று. ஆபா எனப்படும் 14 இலக்க எண்ணோடு ஒருவரின் மருத்துவக் குறிப்புகள் அவர் சம்மதத்தோடு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். கடலூர் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் ஜிப்மர் மருத்துவரின் திரையில் தெரிந்தால் எத்தனை அலைச்சல் மிச்சம்! ஆனால் குறிப்பை ஏற்றுபவர் ஏற்றினால்தான் எண்ணுக்குப் பொருள். மாநில எல்லையைத் தினமும் கடக்கும் நோயாளிகளுக்கு இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஒரே நாடு ஒரே சந்தாவின் இப்போதைய காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது. பின்னாளைய கட்டத்தில் பொது நூலகங்கள் வழியாக எல்லாக் குடிமக்களுக்கும் திறப்பது என்ற எண்ணமும் திட்டத்தில் பேசப்பட்டது. நடக்காத காரியமில்லை: பிரிட்டனில் 2014 முதல் பொது நூலகத்துக்கு நடந்துபோகும் எவரும் பல பதிப்பகங்களின் இதழ்களை அங்குள்ள கணினியில் இலவசமாகப் படிக்க முடிந்திருக்கிறது. ரொமேன் ரொலான் நூலகத்திலும் கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும் அப்படியொரு கணினி வர வேண்டும். அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி சுகாதாரத் துறைகள் தம் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் பட்டியலை அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு முன்பே மத்திய கல்வி அமைச்சகத்திடம் கொடுத்து, வளாகத்துக்கு வெளியிலிருந்தும் நுழையும் தனிக் கணக்குகளையும், இதழ்களோடு படுக்கையருகே பயன்படும் ஒரு சுருக்கக் கருவியையும் கேட்க வேண்டும். பதிப்பகங்களோடு பேச்சு 2027இலேயே தொடங்கிவிடும்; பட்டியல் அதற்கு முன் தயாராக வேண்டும்.